மஸ்கடே: சாதாரணமா, ஸூர் லீயா?

பிரான்சில் லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் நாந்த் வட்டாரத்தின் விலை குறைந்த வெள்ளை ஒயின் மஸ்கடே. சாதாரணம், ஸூர் லீ என்ற இரண்டு வகைக்கும் முதன்மைத் திராட்சை ஒன்றே: மெலோன் த புர்கோன்.

சாதாரண வகையில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் மணம். புளிப்பு தூக்கல், சுவை சட்டென மறையும். ஓரிரு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும்.

ஸூர் லீ, நொதித்து அடங்கிய ஈஸ்ட் வண்டலோடு குளிர்காலம் முழுக்கக் கிடந்து, மார்ச் பிறந்த பிறகே புட்டிக்குப் போகும். அதனால் வாயில் ஒரு திண்மை, ரொட்டி வாசம், நாக்கில் லேசான குறுகுறுப்பு. அது கரைந்திருக்கும் கரியமில வாயுதான், கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். சிப்பிக்கும் மீனுக்கும் இதுவே எங்கள் தேர்வு, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

இரண்டையும் 10 டிகிரியில் ஊற்றி, சாதாரணத்தை முதலில் சுவையுங்கள். 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் வண்டல் தந்த மணம் அடங்கி, வித்தியாசமே தெரியாது.