√2 நிற்க வேண்டிய ஓட்டை: மூன்று அடைப்புகளில் எதை முதலில் படிப்பது?

உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்து வந்த பிள்ளையையும் மெய்ப் பகுப்பாய்வு (மெய்யெண்கள், எல்லை ஆகியவற்றை நிறுவலோடு படிக்கும் பாடம்) ஒரு மாதத்துக்குள் கலங்கடித்துவிடும். எல்லை, வகையீடு, தொகையீடு எல்லாம் தமிழில் கைப்பாடம். பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் பாடம் ஆங்கிலத்தில், அதுவும் முக்கால்வாசி நிறுவல். வவுனியா 2021 இல் தனிப் பல்கலைக்கழகமானது. யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்த காலத்திலும் இந்தக் கலக்கம் இதேதான். நான் குப்பி (இளைய மாணவருக்கு மூத்தவர் எடுக்கும் உதவி வகுப்பு) எடுக்கும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அண்ணா, வளையி கோட்டுக்குக் கீழேயிருந்து மேலே போனால் நடுவில் எங்கேயோ வெட்டத்தானே வேணும்? இதுக்கு என்னத்துக்கு நிறுவல்?"

சரி, விகிதமுறு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்போம். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 2 ஐக் கழிக்கும் சார்பு. 1 இல் அதன் பெறுமானம் −1, 2 இல் +2. பூச்சியமாக வேண்டிய இடம் √2, அது விகிதமுறு எண் அல்ல; ஆகவே இடையில் எந்த விகிதமுறு எண்ணிலும் அது பூச்சியமாகாது. வளையி கோட்டைத் தொடாமலே கடந்துவிட்டது! மெய்யெண்களில் இப்படி நடக்காது என்றால் அவற்றிடம் ஏதோ கூடுதலாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதலின் பெயர் முழுமை. அதைச் சொல்ல மூன்று வழி உண்டு. நூலுக்கு நூல் வேறொன்றில் தொடங்குவதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

முதலாவது, சுப்ரீமம். மேல்வரம்புள்ள, வெறுமையல்லாத எந்த மெய்யெண் தொடைக்கும் (கணத்துக்கும்) ஆகச் சிறிய மேல்வரம்பு ஒன்று உண்டு என்று ஒரே வரியில் வெளிப்படையுண்மையாக எடுத்துக்கொள்வது. வயல் வரம்பில் நடந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை. ஒரு குளத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். நீர்மட்டம் கட்டின் உச்சியைத் தாண்டாது, கட்டில் நிற்கும் பனையின் உச்சியையும் தாண்டாது. எல்லாமே மேல்வரம்புதான். ஆகச் சிறியது வானின் (மிஞ்சிய நீர் வழிந்தோடும் வாய்க்காலின்) மட்டம். அதிலிருந்து ஒரு விரல் இறக்கிக் கோடு போட்டாலும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறிய நாள் ஒன்று இருக்கும். அந்த ஒரு விரல்தான் நிறுவல்களில் வரும் எப்சிலன், எவ்வளவு சிறிதாகவும் எடுக்கக்கூடிய நேர் எண். (மாரியில் வான் பாயும்போது அதற்கு மேலும் ஒரு சாண் தண்ணீர் ஓடுமே என்று முத்தையன்கட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவன் மடக்கினான். உவமை அன்றோடு உடைந்தது, ஆனால் வரைவிலக்கணம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.)

இதன் பலம் வேகம். இயற்கை எண்களுக்கு மேல்வரம்பு கிடையாது என்பதைப் பாருங்கள். இருந்தால் அவற்றுக்கு ஒரு சுப்ரீமம் உண்டு. அதில் 1 ஐக் கழித்தால் அது மேல்வரம்பாகாது, ஆகவே அதை விடப் பெரிய இயற்கை எண் ஒன்று இருக்கும். அதோடு 1 ஐக் கூட்டினால் சுப்ரீமத்தையே தாண்டிவிடும். ஆர்க்கிமிடீஸ் பண்பு முடிந்தது. ஏறிக்கொண்டே போகும், வரம்புள்ள தொடர்வரிசை ஒருங்கும் (ஓர் எண்ணில் போய்ச்சேரும்) என்பதும் இதேயளவு சுருக்கம். மேலே கேட்ட வளையிக் கேள்வியை 1817 இல் நிறுவப் போன கணிதவியலாளர் போல்சானோவும் இந்தக் கருத்தைத்தான் கையில் எடுத்தார். மெய்யெண்ணுக்கு வரைவிலக்கணம் இல்லாத காலம், அதனால் அவருடைய நிறுவலில் ஒரு படி தொங்கியே நின்றது.

இரண்டாவது, கோஷித் தொடர்வரிசைகள்: போகப்போக எந்த இரண்டு உறுப்புகளும் வேண்டிய அளவுக்கு நெருங்கிவிடும் வரிசைகள். 1, 3/2, 17/12, 577/408 என்று போவதைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதற்கும், 2 ஐ அந்த முந்தியதால் வகுத்து வருவதற்கும் சராசரி. 577 இன் வர்க்கம் 332929. 408 இன் வர்க்கத்தின் இருமடங்கு 332928. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். உறுப்புகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன, ஆனால் விகிதமுறு எண்களுக்குள் போய்ச்சேர இடமில்லை. போய்ச்சேரும் இடம் எப்போதும் இருக்கும் என்பதே இங்கே முழுமை. கல்குலேட்டர் தட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இது சுப்ரீமத்தை விட இயல்பாக இருக்கிறது. பின்னால் மீற்றர் வெளி (புள்ளிகளுக்கிடையே தூரம் மட்டும் வரையறுத்த தொடை) படிக்கும்போதும் கைகொடுக்கும். அங்கே பெரிது சிறிது என்ற வரிசை இல்லாததால் சுப்ரீமம் வராது.

ஆனால் பொறி இரண்டு இருக்கிறது. அடுத்தடுத்த உறுப்புகள் நெருங்கினால் போதும் என்று பாதிப் பேர் எழுதுவார்கள். 1 + 1/2 + 1/3 என்று கூட்டிக்கொண்டே போனால் கூடும் துண்டு சிறுத்துக்கொண்டேதான் போகும். ஆனாலும் 1/501 இலிருந்து 1/1000 வரையான 500 துண்டுகள் மட்டுமே அரைக்கு மேல் வரும். எங்கே தொடங்கினாலும் இதே கதை, கூட்டுத்தொகை ஒருங்காது. மற்றப் பொறி: கோஷி முழுமையிலிருந்து ஆர்க்கிமிடீஸ் பண்பு தானாக வராது. அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டால்தான் இந்த வழி சுப்ரீம வழிக்குச் சமமாகும்.

மூன்றாவது, கணிதவியலாளர் டெடிகிண்டின் வெட்டு: விகிதமுறு எண்களைக் கீழ்ப்பகுதி, மேற்பகுதி என இரண்டாக வெட்டி, கீழ்ப்பகுதியையே ஒரு மெய்யெண்ணாக எடுப்பது. சூரிச்சில் வகையீடு படிப்பித்தபோது, வரம்புள்ள ஏறுவரிசை ஒருங்கும் என்பதற்குப் படம் கீறித்தான் காட்ட முடிகிறதே என்ற உறுத்தலில் 1858 நவம்பர் 24 இல் டெடிகிண்டுக்கு இது பிடிபட்டது. வெளியிட்டது 1872 இல். இன்னொரு கணிதவியலாளரான கண்டோர் தொடர்வரிசை வழியை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். √2 என்பது மறையெண்களும் வர்க்கம் 2 க்குக் குறைந்தவையுமான விகிதமுறு எண்களின் தொடை, அவ்வளவுதான். சுப்ரீமம் எடுக்க வேண்டுமா, வெட்டுகளை ஒன்றிப்பு எடுத்தால் போதும். மூன்றிலும் அழகு இதற்குத்தான். மறையெண் வெட்டுகளைப் பெருக்கப் போகும்போதுதான் அழுகை வரும்.

என் வரிசை இதுதான்: சுப்ரீமத்தில் தொடங்குங்கள். இரண்டு கிழமைக்குள் கோஷியைச் சேர்த்து, ஒன்றிலிருந்து மற்றதை உங்கள் கையாலேயே நிறுவிப் பாருங்கள். வெட்டை செமஸ்டர் விடுமுறைக்கு வையுங்கள். இப்படியொரு எண் தொகுதி உண்மையிலேயே இருக்கிறதா என்ற சந்தேகம் அதற்குள் உங்களுக்கே வந்திருக்கும். வெட்டு பதில் சொல்வது அந்தக் கேள்விக்குத்தான்.