மோட்சப் பிரயாணமா, இரட்சணிய யாத்திரிகமா, தேம்பாவணியா?

வேதாகமத்துக்கு அடுத்து என்ன வாசிக்கலாம் என்று சபைகளில் இளையவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் கையில் பெரும்பாலும் வந்து சேர்வது ஆசீர்வாதம், வெற்றி, தலைமைத்துவம் பற்றிய மெலிந்த மொழிபெயர்ப்புகள்தான். அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனாலும் வாழ்நாள் முழுக்கக் கூட வரக்கூடிய மூன்று பெரிய நூல்கள் தமிழில் இருக்கும்போது, அவற்றின் பெயரைக்கூடக் கேள்விப்படாமல் ஒரு விசுவாசி வளர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்திலிருந்து தொடங்குவது எளிது. பனியன் பாத்திரம் பழுது பார்த்துப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் சிறையில் சுமார் 12 ஆண்டுகள் கிடந்தார். 1678இல் முதல் பாகம் வெளிவந்தது. முதுகில் பாவச்சுமையோடு மோட்சத்தை நோக்கிக் கிளம்பும் கதைநாயகன் கிறிஸ்தியான் சேற்றில் விழுகிறான், சிலுவையடியில் சுமை கழன்று விழக் காண்கிறான், சந்தையில் பிடிபடுகிறான். உரைநடை என்பதால் பள்ளிப் பிள்ளைகள்கூட வாசித்துவிடலாம்.

இந்த நூலில் நான் எல்லோருக்கும் காட்ட விரும்பும் இடம் சந்தேகக் கோட்டை. நடக்க எளிதாகத் தெரிந்த புல்வெளிப் பாதையில் இறங்கியதால், கிறிஸ்தியானும் அவன் தோழனும் ஓர் அரக்கனிடம் சிக்குகிறார்கள். புதன்கிழமை காலை இருட்டறையில் அடைக்கிறான். அடிக்கிறான். உயிரை மாய்த்துக்கொள்வதே உங்களுக்கு வழி என்று புத்தி சொல்கிறான். கிறிஸ்தியான் அதற்குக் கிட்டத்தட்ட இணங்கிவிடுகிறான். தோழன்தான் பேசிப் பேசித் தடுக்கிறான். சனிக்கிழமை நள்ளிரவில் ஜெபிக்கத் தொடங்கி, பொழுது விடியும் நேரத்தில்தான், வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மடியிலேயே இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. மனச்சோர்வில் இருப்பவரைப் பார்த்து “உனக்கு விசுவாசம் போதாது” என்று சட்டென்று சொல்லிவிடுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசிக்க வேண்டும். விசுவாசிதான் அந்த அறையில் கிடக்கிறான் என்பதைப் பனியன் மறைக்கவேயில்லை.

சரி, இதே கதையைப் பாட்டில் சொன்னால்? அதுதான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். 1827இல் திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனில் ஊறி வளர்ந்தவர். முப்பது வயதுக்கு மேல் கிறிஸ்தவரானவர். 1894இல் வெளிவந்த இந்தக் காப்பியத்தை ஐந்து பருவங்களாக, 3,700க்கும் மேற்பட்ட பாடல்களில் பாடியிருக்கிறார். பனியனைத் தழுவியது என்று ஒரே வரியில் அறிமுகம் செய்து நகர்ந்துவிடுகிறார்கள். அது அவருக்குச் செய்கிற அநியாயம். பனியனில் சிலுவைக் காட்சி சில வரிகளில் முடிந்துவிடும். சுமை உருண்டு கல்லறைக்குள் போய்விடும், அவ்வளவுதான். கிருஷ்ணபிள்ளைக்கு அது போதவில்லை. குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். அடிக்கிறவர்களை மன்னிக்கும்படி அவர் பிதாவிடம் வேண்டும் பாட்டில், கம்பனிடம் கற்ற தமிழ் முழுவதையும் ஆண்டவர் பாதத்தில் வைத்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். பக்தி என்று பார்த்தால் இந்தப் பகுதியில் சீடர் குருவை மிஞ்சிவிட்டார்.

மொழி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், உண்மைதான். வடசொல்லும் நிறைய. முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் படிக்க முயன்றால் பலரும் ஆதி பருவத்திலேயே நின்றுவிடுவார்கள். அதனால் முதலில் மோட்சப் பிரயாணத்தை முடித்துக் கதையை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்; அப்புறம் குமார பருவத்தின் பாடுகளுக்கு நேராகப் போங்கள். இடையிடையே தேவாரம் என்ற பெயரில் வரும் கிறிஸ்தவத் துதிப் பாடல்களை வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். “சத்தாய் நிஷ்களமாய்” என்று ஆலயத்தில் பாடுகிறோமே, அது கிருஷ்ணபிள்ளையின் பாட்டுத்தான்.

மூன்றாவது, தேம்பாவணி. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் 1726இல் பாடிய காப்பியம். 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். தலைவன் வளன், அதாவது இயேசுவை வளர்த்த யோசேப்பாகிய சூசையப்பர். வளர்ந்தபின் தமிழ் கற்ற ஒருவர் நாட்டுப் படலம், நகரப் படலம் என்று மரபு பிசகாமல் பாடியிருப்பதை வாசிக்கும்போது பிரமிப்பாக இருக்கிறது. கவிதை நயத்தில் மூன்றில் இதற்கே முதலிடம் தருவேன். ஆனால் சீர்திருத்த சபை வாசகர்கள் ஒன்றை அறிந்து எடுக்க வேண்டும்: சூசையப்பரைப் பற்றிச் சுவிசேஷங்கள் சொல்வது மிகக் குறைவு, இங்கே கத்தோலிக்க மரபுக் கதைகளும் புலவரின் கற்பனையும் பெரிய பங்கு வகிக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு வாசித்தால் இழப்பு ஒன்றுமில்லை. உரை இல்லாத பதிப்பை மட்டும் வாங்காதீர்கள். மூலத்தை ஒப்பிட்டுப் பார்க்க மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஒன்றே ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், புதிய விசுவாசிக்கு மோட்சப் பிரயாணம். தமிழ் ஆசிரியருக்கும் பாடகர் குழுவில் இருப்பவருக்கும் இரட்சணிய யாத்திரிகம். கம்பனையோ சிந்தாமணியையோ ஏற்கெனவே ரசித்துப் படித்தவருக்குத் தேம்பாவணி. தினமும் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்பவருக்கு இந்த மூன்றையும் சொல்ல மாட்டேன். 15ஆம் நூற்றாண்டின் பக்தி நூலான கிறிஸ்துநாதர் அனுசாரம் சிறு சிறு அதிகாரங்களாக இருப்பதால் அவருக்கு அதுவே பொருந்தும்.

மோட்சப் பிரயாணத்தை வாங்கும்போது 1684இல் பனியன் எழுதிய இரண்டாம் பாகமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் பாகத்தில் கிறிஸ்தியான் மனைவி மக்களை விட்டுவிட்டு ஓடுகிறான். அந்த மனைவி நான்கு மகன்களோடு அதே பாதையில் கிளம்பும் கதை இரண்டாம் பாகத்தில்தான் இருக்கிறது. பெண்கள் ஐக்கியத்தில் வாசிக்கப் புத்தகம் தேடுகிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.