பரங்கி விதையில் நடந்த மோசடி: ‘பக்கத்து வயல் மகரந்தம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

தைப்பட்டத்தில் 2 ஏக்கருக்கு பரங்கி போட, 50 கிராம் பாக்கெட்டாக 10 பாக்கெட் ஹைபிரிட் (இரண்டு ரகத்தைச் சேர்த்து எடுத்த வீரிய ஒட்டு) விதை ஒரு விதைக்கடையில் வாங்கினோம். கடைக்காரர் சொன்னது: காய் 4 முதல் 5 கிலோ, தட்டை உருண்டை, 90 நாளில் முதல் வெட்டு, தேமல் நோயே வராது. வயலில் வந்தது வேறு. ஒரு கொடியில் தட்டைக்காய், அடுத்த கொடியில் சுரைக்காய் மாதிரி நீளக்காய், அதற்கடுத்ததில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாத உருண்டை. சொன்ன வடிவத்தில் காய்த்தது பாதிக்கும் குறைவு. கடையில் போய்க் கேட்டதற்கு, “பக்கத்து வயலில் வெண்பூசணி போட்டிருக்கிறார்கள், மகரந்தம் கலந்து காய் மாறிவிட்டது” என்று பதில் வந்தது.

அந்தப் பதில் இரண்டு விதத்தில் பொய். வெண்பூசணியும் பரங்கியும் வேறு வேறு பேரினம், இரண்டும் ஒன்றோடொன்று கருக்கூடாது. பக்கத்தில் இருந்தது வேறொரு பரங்கி ரகமே ஆனாலும் இந்தப் பட்டத்துக் காயின் வடிவமோ தோல் நிறமோ சதையோ மாறியிருக்காது. தோலும் சதையும் தாய்க்கொடியின் உடம்பு. வெளி மகரந்தம் போய்ச் சேருவது உள்ளே இருக்கும் விதைக்குள் மட்டும். அந்த விதையை எடுத்து அடுத்த பட்டத்தில் போட்டால்தான் கலப்பு வெளியில் தெரியும். ஆகவே இந்தப் பட்டத்துக் காய் கொடிக்குக் கொடி மாறி நிற்கிறது என்றால், கலப்பு நீங்கள் விதைப்பதற்கு முன்பே விதைக்குள் இருந்தது. இதை விவசாயிகள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இந்த ஒரு பொய்யை நம்பித்தான் பலர் புகாரே கொடுக்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. உண்மையான ஹைபிரிட் விதை எடுக்க, தாய் வரிசையில் ஆண் மொக்கு அத்தனையையும் கிள்ளி எறிய வேண்டும். மறுநாள் மலரப்போகும் பெண் மொக்கை முதல்நாள் மாலையே உறை போட்டு மூடி, விடிந்ததும் தந்தை ரகத்தின் ஆண்பூவைக் கொண்டுவந்து கையால் தடவ வேண்டும். ஆள்கூலி அதிகம், அதனால்தான் விலையும் அதிகம். அதைவிட்டு, சந்தைக்கு வந்த ஹைபிரிட் காயை வெட்டி உள்ளே இருக்கும் விதையைக் கழுவி, காயவைத்து, சாயம் ஏற்றி பாக்கெட்டில் அடைத்துவிட்டால் செலவே இல்லை. ஒரு காயில் நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். அது ஹைபிரிட்டின் இரண்டாம் தலைமுறை. தாய் குணமும் தந்தை குணமும் பிரிந்து பிரிந்து வரும். சிவப்பு, நீலச் சாயத்தைப் பார்த்து கம்பெனி விதை என்று நினைக்காதீர்கள். அது மருந்தோடு சேர்த்துத் தடவும் நிறம், யாரும் தடவலாம்.

காய் சின்னதும் பெரியதுமாக இருந்தால் சேர்த்து விற்றுவிடலாமே என்று தோன்றும். வியாபாரத்துக்குப் போடும் பரங்கியில் அது நடக்காது. லோடு ஏற்ற வருபவர் கலந்த குவியலைப் பார்த்ததும் அதில் மட்டமான காய்க்கு என்ன விலையோ அதைத்தான் மொத்தத்துக்கும் சொல்வார். வெட்டும் ஒரே நேரத்தில் வராது. ஒரு கொடி 90 நாளில் முற்றும், பக்கத்துக் கொடி 130 நாள் கேட்கும். இரண்டு வெட்டில் முடிய வேண்டியது நாலைந்து வெட்டாக இழுக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆள்கூலியும் வண்டி வாடகையும் தனி. தோல் மெலிந்த காய் லாரியில் அடிபட்டு அழுகி, பக்கத்தில் இருக்கும் நல்ல காயையும் கெடுக்கும்.

கலப்பைக் காய் வரும்வரை காத்திருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. கொடி ஓடத் தொடங்கியதும் இலையைப் பாருங்கள். பல பரங்கி ரகங்களில் நரம்பு பிரியும் இடத்தில் வெள்ளித் திட்டு இருக்கும். ஒரே ரகம் என்றால் எல்லாக் கொடியிலும் இருக்கும், அல்லது எதிலுமே இருக்காது. சிலதில் இருந்து சிலதில் இல்லை என்றால் அன்றைக்கே சந்தேகப்படுங்கள். பிஞ்சு பிடித்ததும் காம்பைப் பாருங்கள். நம் ஊர்ப் பரங்கியின் காம்பு ஐந்து பட்டையாக, கெட்டியாக, காயில் சேரும் இடத்தில் அகன்று பிடித்திருக்கும். காம்பு உருண்டையாக, தக்கை போல மெத்தென்று இருந்தால் அது பரங்கியிலேயே வேறு இனம், சந்தைக்கு எங்கிருந்தோ வந்த காயின் விதை கலந்திருக்கிறது.

கடைக்காரர் அடுத்து வெயிலைக் காட்டுவார், உரத்தைக் காட்டுவார். வெயிலும் தண்ணீரும் உரமும் காயின் எடையைக் கூட்டும், குறைக்கும். ஒரே சொட்டுநீர்க் குழாயில், அடுத்தடுத்த குழியில் நிற்கும் இரண்டு கொடியில் ஒன்றைத் தட்டையாகவும் மற்றதை நீளமாகவும் ஆக்காது. தேமல் நோய் காயை முண்டும் முடிச்சுமாக ஆக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கொடியின் இலையிலும் மஞ்சள் பச்சைத் திட்டும் சுருக்கமும் இருக்கும். மகரந்தம் சரியாகச் சேராத பிஞ்சு ஒரு பக்கம் சூம்பி இருக்கும், ஆனால் அதே கொடியில் நேரான காயும் இருக்கும். ஒரு கொடியின் காயெல்லாம் தமக்குள் ஒரே மாதிரி இருந்து, கொடிக்குக் கொடி மட்டும் மாறினால் குற்றம் விதையில்தான்.

அந்தச் சாக்குகளை முன்கூட்டியே அடைக்க ஒரு வழி உண்டு. புது விதை போடும் வயலிலேயே, நடுவில், ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த ரகத்தை 10 குழி போடுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் போதும். அதே தண்ணீர், அதே உரம், அதே வெயிலில் அது சீராகக் காய்த்து நின்றால் ஆய்வுக்கு வருபவரிடம் வேறு விளக்கம் தேவைப்படாது. பாக்கெட்டுக்கு ஒரு வரிசை என்று பிரித்துப் போட்டு, எந்த வரிசையில் எந்த லாட் நம்பர் (பாக்கெட்டில் இருக்கும் விதைத் தொகுப்பு எண்) என்று குச்சியில் எழுதி நட்டுவிடுங்கள். பத்து பாக்கெட்டையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்தால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது.

இனி வாங்கும் இடம். எங்கள் பாக்கெட்டில் காலாவதி தேதி ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து நகத்தால் உரித்தபோது அடியில் அச்சிட்ட பழைய தேதி தெரிந்தது. தேதி முடிந்து ஒரு பட்டமே கடந்திருந்தது. ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் அந்த பாக்கெட் வேண்டாம். சான்று விதைக்கு (சான்றளிப்புத் துறை சோதித்துச் சான்று தந்தது) நீல அட்டை, உண்மை நிலை விதைக்குப் (தரத்துக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்பது) பச்சை அட்டை இருக்க வேண்டும். அதில் ரகம், லாட் நம்பர், பரிசோதனை செய்த நாள், முளைப்புத்திறன், காலாவதி எல்லாம் இருக்கும். பரங்கிச் சான்று விதைக்கு முளைப்புத்திறன் குறைந்தது 60 சதவீதம், சுத்தம் 98 சதவீதம். பில்லில் வெறுமனே ‘காய்கறி விதை’ என்று எழுதித் தருவார்கள், வாங்காதீர்கள். ரகத்தின் பெயரும் லாட் நம்பரும் கடையின் உரிம எண்ணும் பில்லில் வேண்டும். விதை விற்க 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் வேண்டும், வாங்குபவருக்கு ரசீது தருவது கடைக்காரரின் கடமை. துண்டுச் சீட்டு ரசீது ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக 100 விதை எடுத்து, 25 வீதம் ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, 4ஆம் நாளும் 8ஆம் நாளும் எண்ணுங்கள். 60க்குக் கீழே என்றால் வயலுக்குப் போக வேண்டாம். பிரிக்கும்போது அட்டையைக் கிழிக்காமல் பாக்கெட்டின் அடிப்பக்கம் வெட்டுங்கள்.

ரகம் எது என்பதைக் கடைக்காரர் முடிவுசெய்ய விடாதீர்கள், வாங்குபவரைக் கேளுங்கள். ஹோட்டலுக்கும் கீற்று போட்டு விற்பவருக்கும் பெரிய காய் வேண்டும்: கோ 1 ஒரு காய் 7 முதல் 8 கிலோ வரும், ஆனால் 175 நாள் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு முழுக்காயாக விற்கும் சந்தைக்கு கோ 2, ஒன்றரை முதல் 2 கிலோ, 135 நாள். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சந்தன் 2 முதல் 3 கிலோ, சதை இனிப்பு. அதே நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி ஒரு கிலோ அளவு, பழ ஈயைத் தாங்கும். இவை ஹைபிரிட் அல்ல. அடுத்த பட்டத்துக்கு நீங்களே விதை எடுக்கலாம், சுற்றி 500 மீட்டருக்குள் வேறு பரங்கி இல்லாமல் இருந்தால். ஹைபிரிட் வேண்டுமென்றால் முதல் பட்டத்தில் கால் ஏக்கருக்கு மேல் போடாதீர்கள்.

2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் குழி என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 குழி. ஹைபிரிட் அல்லாத ரக விதையைக் குழிக்கு 5 ஊன்றி, முளைத்தபின் நல்ல நாற்று இரண்டை விட்டு மற்றதைக் களைவது வழக்கம், அதற்கு 400 கிராம் ஆகும். ஹைபிரிட்டைக் குழிக்கு 2 என்று ஊன்றினால் 200 கிராமே போதும். ஏக்கருக்கு ஒரு கிலோ என்று தலையில் கட்டினால் மறுத்துவிடுங்கள், வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் ஒரு கிலோ ஒரு ஹெக்டேருக்கு. முதலில் ஆண்பூ மட்டும் வருவது பரங்கியின் இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து கடையில் தரும் ‘பூ டானிக்’ வாங்காதீர்கள். பெண்பூ அதிகமாக வர, விதைத்த 10 முதல் 15ஆம் நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை, நாலு முறை, 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி மருந்தைத் தெளித்தால் போதும்.

பழ ஈ பொறியிலும் இதே மாதிரி ஏமாற்று நடக்கிறது. மாந்தோப்புக்கு வைக்கும், ஈயை வாசனையால் இழுக்கும் மீதைல் யூஜினால் கட்டையைப் பரங்கிக்கும் கொடுத்துவிடுகிறார்கள். பரங்கியைக் குத்தும் ஈ அதற்கு வராது, கியூ லூர் என்று எழுதியிருக்கும் கட்டைதான் வேண்டும்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் கோபத்தில் கொடியை உழுதுவிடாதீர்கள். பயிர் நிற்கும்போதே வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கும் மாவட்ட விதை ஆய்வு துணை இயக்குநருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வயலாய்வு வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். அதற்குமுன் வயலில் 10 இடத்தில், இடத்துக்கு 20 கொடி எண்ணி, எத்தனை மாறியிருக்கிறது என்று எழுதி, கொடி எண்ணோடு படம் எடுங்கள். நாலைந்து காயைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஒரே வயலில் ஒன்றில் இரண்டு விரல் சதையும் இன்னொன்றில் பெரிய பொந்தும் இருப்பது ஒரே பார்வையில் தெரியும்.

கடைக்காரர் “விதைக்குக் கொடுத்த பணத்தை மட்டும் திருப்பித் தருகிறேன்” என்று சொல்லி கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். விதை வாங்கிய விவசாயி நுகர்வோர்தான், நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தேசிய விதைக் கழக வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. விதை முழுவதையும் விதைத்துவிட்டார், பரிசோதனைக்கு மிச்சம் வைக்கவில்லை என்பதற்காக அவர் வழக்கைத் தள்ள முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நஷ்டம் ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை அந்தப் பிரிக்காத பாக்கெட்டை வெயிலும் எலியும் படாத இடத்தில், பில்லோடு சேர்த்து டின்னில் போட்டு வைத்திருங்கள்.