வகுப்பறையில் தங்கிய இணையக் கருவிகள்: ஓர் அறிவியல் ஆசிரியரின் அனுபவம்

கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றித் தொடங்கிய பழக்கம் இது. பள்ளி திறந்த பிறகும் நான் விடவில்லை. அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆசிரியர் பற்றாக்குறை வரும்போது கணக்கும் சேர்ந்துகொள்ளும். அன்று முதல் இன்றுவரை எத்தனையோ இணையக் கருவிகளை எடுத்துப் பார்த்தாயிற்று. பெரும்பாலானவை ஒரு பருவத்தைத் தாண்டவில்லை. சில மட்டும் என் பாடக் குறிப்பேட்டில் நிரந்தர இடம் பிடித்துவிட்டன. அவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் இணையம் வரும், போகும். மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டு இரவுதான் வீடு திரும்பும். ஆகவே இணையம் அறுந்தாலும் பாடம் நடக்க வேண்டும், பிள்ளை கையில் கைபேசி இல்லாவிட்டாலும் அவன் பின்தங்கக் கூடாது. எவ்வளவு அழகான கருவியாக இருந்தாலும் இந்த இரண்டிலும் தேறாவிட்டால் எனக்கு வேண்டாம்.

இதில் முழு மதிப்பெண் பெறுவது 'ஃபெட்' பாவனைகள், அதாவது சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் மாதிரிகள். 2001இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வைமன், 2002இல் அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. மின்சுற்று, ஒளிவிலகல், அணுவின் அமைப்பு, அமில கார அளவு, ஊசல் என்று இயற்பியலிலும் வேதியியலிலும் நமக்கு வேண்டிய அநேகப் பாடங்கள் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பாவனையையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது. பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியில் செருகினாலும் உலாவியில் திறந்துகொள்ளும். தமிழாக்கம் எல்லாவற்றுக்கும் இல்லை. ஆனால் திரையில் சொற்களே குறைவு என்பதால் பிள்ளைகள் தடுமாறுவதில்லை.

மின்சுற்றுப் பாடத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு மின்கலம், இரண்டு பல்புகள், தொடர் இணைப்பு. "எது பிரகாசமாக எரியும்?" என்று கேட்டால் ஆண்டுதோறும் ஒரே பதில்தான் வருகிறது: மின்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள பல்பு. மின்சாரம் அதற்குத்தான் முதலில் போகிறது, அது எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் அடுத்ததற்கு என்பது அவர்கள் கணக்கு. இதைச் சொல்லித் திருத்த முடியாது, நான் முயன்றிருக்கிறேன். பாவனையில் ஒரு பிள்ளையை அழைத்து அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைக்கச் சொல்வேன். பிறகு இரண்டு பல்புகளுக்கும் நடுவில். பிறகு இரண்டாவதையும் தாண்டி. மூன்று இடத்திலும் ஒரே எண். அந்த எண்ணைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும் பாருங்கள், அதற்காகவே இந்தப் பாடத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பேன். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகர்வதும் தெரியும். எங்கும் குறையாமல், எங்கும் தேங்காமல் ஒரே வேகத்தில் சுற்றி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு "மின்சாரம் தீர்ந்துபோகிறது" என்ற பேச்சு மெல்ல மறைகிறது. பல்பை எடுத்துவிட்டு வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் மின்கலம் தீப்பிடிக்கும். சிரிப்பு அடங்கியதும் வீட்டில் உருகு இழை எதற்கு இருக்கிறது என்ற பேச்சுக்குப் போய்விடலாம்.

ஆனால் பாவனையை முதலில் காட்டுவதில்லை என்பதில் இப்போது உறுதியாக இருக்கிறேன். முதலில் நிஜக் கம்பி, நிஜ மின்கலம், நிஜ பல்பு. கம்பி முனையில் துரு இருக்கும், பிடிமானம் தளர்ந்திருக்கும், இரண்டு பல்புகளில் ஒன்று சற்றே மங்கலாக எரியும். அந்தக் குழப்பத்தைப் பிள்ளைகள் கையால் அனுபவித்த பிறகே திரைக்கு வர வேண்டும். அப்போதுதான் கேட்பதற்கு அவர்களிடம் கேள்வி இருக்கும். திரையிலேயே தொடங்கினால் எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஆனால் எதையும் தேட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வராது.

வடிவங்களைத் திரையில் வரைந்து, இழுத்து, அளந்து பார்க்க உதவும் கணித மென்பொருளான ஜியோஜீப்ராவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நம் பாடநூல்களின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்களிலும் அது இடம்பெற்றிருக்கிறது. 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தம் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கியது. கணினியில் நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை எழுதிப் போடும்போது ஏற்றுக்கொள்கிறவர்கள், புள்ளியைப் பரிதி நெடுக இழுத்துக்கொண்டே போய் 90 பாகை மாறாமல் நிற்பதைப் பார்க்கும்போதுதான் "ஏன்?" என்று கேட்கிறார்கள். நிறுவல் அங்கே தொடங்கலாம்.

இனி, ஆசிரியர் அறையில் நான் சலிக்காமல் பரிந்துரைப்பது பிளிக்கர்ஸ் அட்டைகள். ஒவ்வொரு மாணவருக்கும் எண்ணிட்ட ஒரு காகித அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று சிறிய எழுத்து. தனக்குச் சரியென்று படும் விடை மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தம் கைபேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் போதும். யார் என்ன விடை சொன்னார் என்பது வந்துவிடும். வகுப்புக்கு மொத்தம் ஒரே ஒரு கைபேசிதான் தேவை. அட்டையின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு, எழுத்தோ பொடியாக இருக்கும் என்பதால் பக்கத்தில் பார்த்து எழுதும் வேலையும் நடக்காது.

இதன் அருமை மதிப்பெண் போடுவதில் இல்லை. மேல்நோக்கி எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் என்ன என்று கேட்டேன். பெரும்பாலான அட்டைகள் "பூஜ்ஜியம்" என்றன. விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிவிட்டு மறுபடி அட்டையைத் தூக்குங்கள் என்றேன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது. வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவி தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது: "முடுக்கமும் பூஜ்ஜியம் என்றால் கல் அங்கேயே நின்றுவிடுமே, எப்படிக் கீழே வரும்?" இரண்டாம் முறை கேமராவை ஓட்டியபோது வகுப்பில் பாதிக்கு மேல் மாறியிருந்தது. கை தூக்கச் சொல்லும் வகுப்பில் அந்தப் பெண்ணின் குரல் எனக்குக் கேட்டிருக்காது. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விகள்தான். எனக்கு அதுவே போதும். ஒரு பாடவேளையில் இரண்டு நல்ல கேள்விகளுக்கு மேல் உண்மையில் பேச முடிவதில்லை. அட்டைகளைத் தடித்த தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். பளபளப்பான உறை போட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும்.

கூகுள் படிவங்களை மாணவர்களுக்கு வீட்டுப்பாடமாகத் தருவதை நிறுத்திவிட்டேன். அப்பாவின் கைபேசிக்காகக் காத்திருக்கும் பிள்ளை இரவு பத்து மணிக்கு விடை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. ஆய்வகத்தில் வைத்துச் செய்யும் சிறு தேர்வுக்கும் பெற்றோர் கூட்டத்துக்கு முன் கருத்துக் கேட்கவும் மட்டும் வைத்திருக்கிறேன். அதிலும் பெயர் கேட்பதில்லை, வரிசை எண் மட்டுமே. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கும் எந்தத் தளத்திலும் வகுப்பையே பதிவு செய்யும் வழக்கம் நமக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது ஓர் அளவுகோல் பின்னால் வந்து சேர்ந்தது. நான் பல பருவங்களாகக் கேள்விகள் சேர்த்து வைத்திருந்த ஒரு வினாடி வினாத் தளம், ஒரு கோடை விடுமுறையில் தன் இலவசத் திட்டத்தை மாற்றியது. பழைய கேள்விகளைப் பார்க்கவே சந்தா கேட்டது, இறக்கிக்கொள்ளவும் வழியில்லை. இது தனி ஒரு தளத்தின் கதை அல்ல. உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்திய வகுப்புத் தளமான எட்மோடோ 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. மாணவர்கள் காணொளியில் பதில் சொல்லும் ஃபிளிப் தனிச் செயலியாக இருப்பது 2024இல் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31உடன் கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டும் விடைபெற்றது. அதற்கும் முன்பு, 2020 முடிவில், உலாவியில் அசைவூட்டங்களை இயக்கிய ஃபிளாஷ் மென்பொருள் நிறுத்தப்பட்டபோது அதில் செய்யப்பட்டிருந்த பாட அசைவூட்டங்கள் ஒரே இரவில் திறக்காமல் போயின. ஃபெட் குழு தன் பாவனைகளை உலாவி நேரடியாகத் திறக்கும் எச்டிஎம்எல்5 வடிவத்துக்கு மாற்றி எழுதிக்கொண்டு வந்ததால்தான் அவை இன்றும் நம்மிடம் இருக்கின்றன. இப்போது என் கேள்விகள் எல்லாம் சாதாரண அட்டவணைக் கோப்பில் இருக்கின்றன. அங்கிருந்து எந்தத் தளத்துக்கும் ஏற்றிக்கொள்வேன். தளம் போனாலும் கேள்வி என்னிடம் இருக்கும்.

இணையமே இல்லாத நாட்களுக்கு கிவிக்ஸ்; இணையதளங்களை இறக்கி வைத்துப் படிக்க உதவும் இலவச மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி ஆய்வகக் கணினிகளில் வைத்திருக்கிறேன். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். தேடுவது, இணைப்பைப் பிடித்துப் போவது எல்லாம் இணையத்தில் இருப்பது போலவே நடக்கும். விளம்பரம் வராது, பிள்ளைகள் வழி தவறி வேறெங்கும் போகவும் முடியாது.

எந்த இடத்து, எந்த நாள் வானத்தையும் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியமும் அப்படித்தான், ஒருமுறை நிறுவினால் போதும். 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தின் கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகச் சென்ற கங்கண சூரிய கிரகணத்தை இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்ததாக நினைவில்லை; அப்போது அவர்கள் மிகச் சிறியவர்கள். இடம் திருச்சி, நாள் 2019 டிசம்பர் 26 என்று கொடுத்துக் காலை ஒன்பதரை மணி வாக்கில் நிறுத்தினால் திரையில் அந்த நெருப்பு வளையம் நிற்கிறது. அப்படியே நாளை முன்னால் தள்ளி 2031 மே 21க்குப் போய், இடத்தை மதுரை என்று மாற்றுவேன். அங்கேயும் ஒரு வளையம். அன்று தங்களுக்கு என்ன வயது இருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

இதே கருவிகளில் சில என் சொந்தப் படிப்புக்கும் துணை. பள்ளிக்கு வரும் வழியில் உள்ள மரங்களின் தாவரவியல் பெயர்களை அன்கி என்ற நினைவூட்டல் மென்பொருளின் அட்டைகளில் படிக்கிறேன். ஒரு பக்கம் நானே எடுத்த இலைப் படம், மறுபக்கம் பெயர். மறக்கப் போகும் நேரம் பார்த்து அட்டை திரும்ப வரும். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியை அளந்து காட்டிய ஆய்வுதான் இதற்கெல்லாம் வேர். பூவரசும் இலுப்பையும் மனத்தில் நின்றுவிட்டன. பிறர் செய்த தொகுப்பை இறக்கிப் படித்தது எதுவும் நிற்கவில்லை, நானே படமெடுத்து எழுதியவை நிற்கின்றன. ஒரு வாரம் விட்டால் அட்டைகள் குவிந்து மலைக்க வைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வாசிப்புக்கு, தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாக்கும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் நிறைந்த தமிழ் விக்கிமூலமும். விடுமுறை நாட்களில் இவற்றைவிட நல்ல நூலகம் எனக்கு வாய்த்ததில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளையும் ஓராண்டுக்கு மேலாகப் பார்க்கிறேன். ஒரே கருத்தில் பல கேள்விகளுக்கு வரைவு எடுக்க உதவுகின்றன. ஆனால் விடைகளை நான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோனதில்லை, கொண்டுபோகவும் மாட்டேன். கணக்கில் அலகு மாறிப்போவதும், இல்லாத ஒன்றை அடித்துச் சொல்வதும் தமிழில் கேட்கும்போது அடிக்கடி நேர்கிறது.

இன்னும் நிறைவு தராத இடம் ஒன்று உண்டு. பார்வைக் குறைபாடுள்ள ஒரு மாணவர் என் வகுப்பில் படிக்கிறார். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், இஸ்பீக் என்ற கணினிக் குரலோடு சேர்ந்து தமிழை வாசிக்கிறது. குரல் இயந்திரத்தனமானது, அவருக்கு அது பழகிவிட்டது. சிக்கல் வேறு. வினாத்தாள்கள் பல இன்னமும் பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சாகி வருகின்றன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோடு) இல்லாத அந்தக் கோப்புகளைத் திறந்தால் திரைவாசிப்பானுக்குக் கிடைப்பது பொருளற்ற எழுத்துகள் மட்டுமே. தமிழக அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. ஆகவே இந்த ஆண்டு முதல் எங்கள் பள்ளியில் நான் தயாரிக்கும் எல்லாத் தாள்களும் ஒருங்குறியில்தான். மற்ற பாட ஆசிரியர்களின் பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு, ஒற்றுப் பிழைகளைக் கையால் சரிபார்த்துக் கொடுக்கிறேன். தமிழ், சமூக அறிவியல் தாள்கள் முடிந்துவிட்டன. கணக்குத் தாள்தான் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு நல்ல வழி கண்டவர்கள் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.