6 வயதுப் பிள்ளைக்கு ஸ்ட்ரோலரா? தீம் பார்க்குக்கு மூன்று விதமாகவும் போய் வந்த பிறகு

"நடக்கிற பிள்ளையை எதுக்குடா வண்டியில உட்கார வைக்கணும்?" என்று கேட்டார் அம்மா. நியாயமான கேள்விதான். பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலர் பரணுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகளோ பள்ளி மைதானத்தில் மணிக்கணக்காக ஓடுகிறவள். அதனால் போன வருடம் நான்கு நாள் தீம் பார்க் பயணத்துக்குக் கிளம்பியபோது வண்டி பற்றிய பேச்சே எழவில்லை. அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. முதல் நாள் கைவீசிக்கொண்டு போனோம். மீதி மூன்று நாளும் வாசலில் வாடகை வண்டி எடுத்தோம். இந்த வருடம், ஆறரை வயதில், சொந்த வண்டியோடு போனோம். வயது கூடக்கூட வண்டியும் கூடுகிறதே என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் இப்போது நான் சொந்த வண்டிக் கட்சி. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

முதலில், வண்டியே இல்லாமல் போவது. காலை வேளையில் இதைப் போல் சுகம் வேறில்லை. பாதுகாப்புச் சோதனையில் மடித்து விரிக்க ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ரைடு முடிந்ததும் வண்டியை எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம். மதியம் இரண்டு மணி வரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நான்கு மணிக்கு அவள் நடை மாறியது. முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எடையை என் மேல் சாய்த்தாள். அப்புறம் கண்ணில் பட்ட பெஞ்சில் எல்லாம் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு உப்பு மூட்டை. அப்போது அவள் 19 கிலோ. உண்மையான மூட்டை என்றால் தோளில் போட்டால் பேசாமல் கிடக்கும். இந்த மூட்டை கழுத்தை இறுக்கிக்கொண்டு "அப்பா, அந்தப் பக்கம் போ" என்று வழியும் சொல்லும்.

அன்று இரவு என் ஃபோன் 14 கிலோமீட்டர் என்று காட்டியது. நான் இரண்டு எட்டு வைக்கும் தூரத்துக்கு அவள் மூன்று எட்டு வைக்கிறாள். பள்ளியில் ஓடுகிற பிள்ளைதானே என்று நாம் போடும் கணக்கு தப்புவது இங்கேதான். மைதானத்தில் ஓடும் பிள்ளை நினைத்த இடத்தில் நிற்கும், உட்காரும், புரளும். இங்கே நம் வேகத்தில், நம் திசையில், பெரியவர்களின் இடுப்பு உயரத்தில், கூட்டத்துக்கு நடுவே நடக்க வேண்டும். தூரமும் லேசுப்பட்டதில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் போகும் பாதை மட்டுமே கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். அது அந்தப் பூங்காவின் ஒரு பகுதிதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ரைடுக்கான வரிசைக்குள் ஸ்ட்ரோலரைப் பொதுவாக விட மாட்டார்கள். வெளியே ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளையின் களைப்பில் பாதி நடந்து வருவது, மீதிப் பாதி அந்த வரிசையில் நின்று வருவது. நிற்கும் களைப்புக்கு எந்த வண்டியும் மருந்தில்லை. ஒரே ஒரு நாள் பயணம், சின்னப் பூங்கா, மாலை ஐந்துக்குள் வெளியே வந்துவிடுவோம் என்றால் நானே வண்டியை வீட்டில் விட்டுவிடுவேன்.

அடுத்தது வாடகை வண்டி. விமானத்தில் ஒரு பொருள் குறைச்சல். வண்டி உடைந்தாலும் நம் தலைவலி இல்லை. பெரிய பிள்ளைக்கும் தாங்கும். வால்ட் டிஸ்னி வேர்ல்டின் ஒற்றை இருக்கை வண்டிக்கு 50 பவுண்டு வரை, அதாவது 22 கிலோவுக்குச் சற்று மேலே அனுமதி உண்டு. ஆனால் நாங்கள் எடுத்த வண்டி கெட்டிப் பிளாஸ்டிக். பின்னால் சாயாது. தூங்கிய பிள்ளையின் தலை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் தொங்கியது. கடைசியில் என் சட்டையைச் சுருட்டி முட்டுக் கொடுத்தோம். இன்னொரு தொல்லை, எல்லா வண்டியும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும். இரண்டாம் நாள் எங்கள் வண்டியை யாரோ தங்களுடையது என்று தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ரசீதைக் காட்டியதும் வேறு வண்டி கொடுத்தார்கள், சரி. அதற்கு வாசல் வரை நடந்து திரும்ப வேண்டியிருந்தது. வாடகையும் நாள் கணக்கில் ஏறும். மூன்று நான்கு நாள் என்றால் குடை போல மடிகிற சாதாரணக் குடை ஸ்ட்ரோலர் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் கட்சி மாறியது வேறு காரணத்துக்காக. வாடகை வண்டியை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கும் காலையில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் பிள்ளைக்கு வண்டி தேவைப்படும் நேரம் எது என்று யோசித்துப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு இல்லை. இரவு வாணவேடிக்கை முடிந்து, பூங்காவில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஒரே வாசலை நோக்கித் திரும்பும்போதுதான். அதுவரை கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்திருந்த பிள்ளை, கடைசி வெடி வெடித்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடும். எங்கள் மகள் வண்டியில் தூங்கியபடியே வாசல் வரை வந்தாள். அங்கே அவளை எழுப்பி, தூக்கி, வண்டியைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் இன்னும் பாதி வழி பாக்கி. பேருந்து நிற்கும் இடம் வரை நடை. அங்கே நாற்பது நிமிட வரிசை. பேருந்திலிருந்து இறங்கி அறை வரை மறுபடி நடை. தூங்கும் பிள்ளைக்கு எடை இரட்டிப்பாகிவிடும் என்பது தூக்கியவர்களுக்குத் தெரியும். நானும் மனைவியும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தோள் மாற்றிக்கொண்டோம்.

காரில் வருபவர்களுக்கும் இதே கதைதான். வால்ட் டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான மேஜிக் கிங்டம் வாசலுக்கும் பொதுக் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் ஓர் ஏரியே இருக்கிறது. மோனோரயிலிலோ படகிலோ அதைக் கடக்க வேண்டும். அதற்கப்புறமும் கார் நிற்கும் வரிசைக்கு டிராம் அல்லது நடை. மற்ற பூங்காக்களில் ஏரி இல்லாமல் போகலாம், ஆனால் கார் நிறுத்துமிடம் பெரும்பாலும் வாசலை ஒட்டி இருப்பதில்லை. ஆகவே எந்த வழி என்று முடிவு செய்யும் முன், வாசலிலிருந்து படுக்கை வரை எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் ஒருமுறை அளந்து பாருங்கள். பூங்காவுக்கு எதிரிலேயே தங்குகிறீர்கள் என்றால் நான் மேலே சொன்ன பாதி விழுந்துவிடும். வாடகையே போதும்.

இந்த வருடம் அதே நேரம், அதே கூட்டம், ஆனால் சொந்த வண்டி. அவள் முதுகைச் சாய்த்து, மூடியை இறக்கி, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டோம். வாசலை எப்போது தாண்டினோம் என்று அவளுக்குத் தெரியாது. பேருந்தில் ஏற மட்டும் அவளைத் தூக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடம் வண்டியை மடித்துக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டேன்.

இந்த மடிப்பில்தான் சொந்த வண்டியின் சூட்சுமமே இருக்கிறது. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொள்ள, நான் ஒரு கையில் பைகளோடு மறு கையால் மடித்தேன். இரண்டு பெரியவர்கள் இருந்ததால் நடந்தது. தனி ஆளாக இருந்து, தூங்கும் பிள்ளை தோளில் கிடக்க, குனிந்து ஒரு கொக்கியைக் காலால் தட்டி மடிக்க வேண்டிய வண்டி என்றால் என்ன செய்திருப்பேனோ. அந்த நிலைமை எனக்கு வாய்க்கவில்லை. கடையிலேயே ஒரு கையால் மடித்துப் பார்த்து வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன்.

எந்த வண்டி என்பதில் கவனம் வேண்டும். பரணில் இருந்த பழைய குடை ஸ்ட்ரோலரை இறக்கித் துடைத்துவிட்டுத்தான் அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தேன்: 15 கிலோ. நிறைய எளிய வண்டிகளின் எல்லை அதுதான். ஐரோப்பிய தர விதியில் 15 கிலோ வரைக்கும் ஒரு பகுதி, அதற்கு மேல் 22 கிலோ வரைக்கும் தனிப் பகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 6 வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 20 கிலோ, உயரம் 115 செ.மீ. அதனால் 22 கிலோ என்று போட்டிருக்கும் வண்டியைத்தான் தேட வேண்டும். நாங்கள் வாங்கியது அப்படி ஒன்று, வண்டியின் எடை ஆறு கிலோவுக்குள்.

எடை பொருந்தினால் போதாது, உடம்பும் பொருந்த வேண்டும். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். மூடி தலையில் இடிக்கிறதா, பாதம் முன் சக்கரத்தில் உரசுகிறதா என்று பாருங்கள். முதலில் பார்த்த வண்டியில் இவள் காலைத் தொங்கவிட்டதும் ஷூ நுனி சக்கரத்தில் சிக்கியது. அப்புறம் கைப்பிடியில் பை மாட்டும் பழக்கம். 20 கிலோ பிள்ளை உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. ரைடைப் பார்த்ததும் அவள் துள்ளி இறங்கினாள். அதே நொடியில் வண்டி முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மல்லாந்தது. தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம், என் கண்ணாடிக் கூடு ஒரு பக்கம். அன்றிலிருந்து பை அடித்தட்டில்தான்.

அளவு விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் 2019 மே 1 முதல் ஸ்ட்ரோலர் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும். இழுத்துப் போகும் 'வேகன்' வண்டிக்கு அனுமதி இல்லை. மடிப்பு வண்டிகள் இந்த அளவுக்குள் தாராளமாக அடங்கும். நிறுத்திய இடத்தில் ஊழியர்கள் வண்டிகளை நகர்த்தி ஒழுங்குபடுத்துவார்கள், அதனால் விட்ட இடத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மனைவி மஞ்சள் துணி ஒன்றைக் கைப்பிடியில் முடிந்து வைத்தார். தூரத்திலேயே கண்ணில் படும்.

வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே. "நான் என்ன பாப்பாவா?" என்று இவளே முதல் நாள் காலையில் முறைத்தாள். இது பை வைக்கிற வண்டி என்று சொல்லிவிட்டோம். மதியம் வரை பெருமையாக அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். ஐந்து மணிக்கு யாரும் சொல்லாமலே பையை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றால், அக்கம்பக்கம் பாருங்கள், பாதி வண்டிகளில் பெரிய பிள்ளைகள்தான். மேஜிக் கிங்டமின் ஸ்பேஸ் மவுண்டனில் ஏற 112 செ.மீ. உயரம் போதும். இருட்டில் ரோலர் கோஸ்டரில் கத்திவிட்டு வந்த பிள்ளைதான் வெளியே வந்து ஸ்ட்ரோலரில் விரல் சூப்பிக்கொண்டு தூங்குகிறது.

எங்களுக்கு ஒரே பிள்ளை. தம்பியோ தங்கையோ இருந்தால் இரட்டை வண்டியா, சின்னதுக்கு மட்டும் ஒற்றையா என்ற கணக்கு வேறு, அதில் என் அனுபவம் உதவாது. உடல்நிலை அல்லது வளர்ச்சி சார்ந்த காரணத்தால் வரிசையிலும் வண்டி தேவைப்படுகிற பிள்ளை என்றால் மேலே சொன்ன விவாதமே வேண்டாம். ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலியாகக் கருதும் அட்டை ஒன்றை வால்ட் டிஸ்னி வேர்ல்டின் விருந்தினர் சேவை மையத்தில் கேட்டு வாங்கலாம். மற்ற பூங்காக்களிலும் போனதும் முதலில் இதைக் கேளுங்கள்.

போன வாரம் மகளை எடை பார்த்தோம், 21.4 கிலோ. இன்னும் அறுநூறு கிராம் ஏறினால் வண்டி பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவர்கள் பையனுக்கு நாலரை வயது. கேட்டும் வைத்துவிட்டார்கள்.