ப்ளேய முன்னாடியே கண்டுபிடிக்கறதா, ஸ்விட்ச் பண்ணி உடைக்கறதா?

அமெரிக்க கூடைப்பந்து லீக்கான என்பிஏல எதிர் டீம் ஓட்டற ப்ளேய, அதாவது முன்னாடியே போட்டு வச்ச ஆட்டத் திட்டத்த, கெடுக்க ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு முன்னாள் வீரர் ராஜான் ராண்டோ வழி, இன்னொண்ணு 2018 ஹூஸ்டன் ராக்கெட்ஸ் டீமோட வழி.

ராண்டோ மாதிரி ஆளுங்க எதிர் டீம் வீடியோவ உக்காந்து பாத்து மனப்பாடமே பண்ணிட்டு வருவாங்க. எதிர் டீம்ல ஆட்டத்த நடத்தற பாயிண்ட் கார்டு பந்த தட்டிட்டு வரும்போதே கைய தூக்கி சிக்னல் காட்டுவாரு, ரெண்டு பெரிய ஆளுங்க ஃப்ரீ த்ரோ லைனோட ரெண்டு முனைலயும் போய் நிப்பாங்க, அதுக்கு பேரு ஹார்ன்ஸ், அத பாத்ததுமே "லெஃப்ட்ல ஸ்க்ரீன் வருது"ன்னு (அதாவது ஒருத்தர் குறுக்க நின்னு நம்ம டிஃபென்டர மறிக்கப் போறாருன்னு) ராண்டோ ஒரு கத்து கத்தினா போதும், கூடைப் பக்கம் காக்கற நம்ம சென்டர் ஒரு அடி முன்னாடியே நகந்துருவாரு, ஷூட்டர் ஓடி வர்ற இடத்துல ஏற்கனவே ஆள் நிக்கும். அந்த ஒரு அடி இருக்கே, அதுதாங்க டிஃபென்ஸ்.

ராக்கெட்ஸ் என்ன ப்ளேன்னு பெருசா அலட்டிக்கல. ஸ்க்ரீன் வந்தா ரெண்டு டிஃபென்டரும் காக்கற ஆள மாத்திக்கணும், அதான் ஸ்விட்ச், அவ்ளோதான். யாரும் ஃப்ரீ ஆக மாட்டாங்க, 24 செகண்டுக்குள்ள ஷாட் போடணும்ங்கற க்ளாக் ஓடிட்டே இருக்கும், கடைசில ஒருத்தர் தனியா மோதணும். இத வச்சே ப்ளேஆஃப் தொடர்ல கோல்டன் ஸ்டேட் டீம கடைசி, ஏழாவது மேட்ச் வரைக்கும் இழுத்தாங்க. ஆனா அப்படி மாத்தறப்ப குள்ளமான கார்டு போய் அப்ப கோல்டன் ஸ்டேட்ல இருந்த உயரமான கெவின் டுரான்ட்கிட்ட மாட்டினா தலைக்கு மேலயே போட்டுட்டு போயிருவாரு.

சிக்னல மாத்திட்டா முதல் வழி கொஞ்சம் தடுமாறும், அது உண்மைதான். ஆனாலும் ப்ளேஆஃப்ல அதே டீம திரும்பத் திரும்ப பாக்கறதால என் ஓட்டு ராண்டோவுக்குத்தான்.