டிஸ்க்கைத் துடைப்பதா, டிரைவை மாற்றுவதா?

பழைய கேம் டிஸ்க்கை லேப்டாப்பில் போட்டால் டிரைவ் உறுமுகிறது, அப்புறம் 'டிஸ்க்கைச் செருகவும்' என்கிறது. துடைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் யூஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கலாம்.

துடைப்பதற்குச் செலவில்லை, அதனால் முதலில் அதுதான். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல், தகவல் பதிந்திருக்கும் தடத்தோடு சேர்ந்தே ஓடும். படிக்க முடியாத துண்டுகளை ஈடுகட்டும் டிரைவின் பிழைதிருத்தம் அங்கேதான் திணறும். சிடியின் அச்சிட்ட பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் துடைத்துப் பயனில்லை. தகவல் அடுக்கு அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது.

டிரைவ் வாங்கக் காசு எடுக்குமுன் வேறு ஒரு சிடியும் ஒரு டிவிடியும் போட்டுப் பாருங்கள். இரண்டையும் படிப்பது வேறு வேறு லேசர்: சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யலாம். சிடிகள் ஓடி, டிவிடி எதுவுமே ஓடவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் டிரைவில்தான். அப்போது தாராளமாக வாங்கலாம், லேப்டாப்பைக் கழற்றும் வேலையும் மிச்சம்.

ஃபைல்கள் தெரிகின்றன, கேம் மட்டும் திறக்கவில்லையா? அது 'சேஃப்டிஸ்க்' என்ற நகல் தடுப்புப் பாதுகாப்புள்ள டிஸ்க்காக இருக்கலாம். விண்டோஸ் 10 அதை ஏற்பதில்லை. துடைத்தாலும் டிரைவை மாற்றினாலும் ஓடாது. ஸ்டீம், ஜிஓஜி போன்ற ஆன்லைன் கேம் கடைகளில் அந்த கேம் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.